வெள்ளத்துல மாட்டினா ஒரு டீ போட முடியுமா? எமர்ஜென்சி ஸ்டவ் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை!

2015 டிசம்பர் 1-ம் தேதி ராத்திரியைப் பற்றி ஈக்காட்டுத்தாங்கலில் பழைய ஆட்கள் யாரிடம் கேட்டாலும் ஒரு கதை இருக்கும். தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் என ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட, அடையாறு கரையைத் தாண்டியது. ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை என ஆற்றோர வீடுகளின் தரைத்தளங்கள் மூழ்கின.

மாடியில் இருந்தவர்களின் பிரச்னை வேறு. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் கரன்ட் போய்விட்டது. அரிசி இருக்கு, பருப்பு இருக்கு, பால் பவுடர்கூட இருக்கு. சமைக்க நெருப்பு? கேஸ் அடுப்பு இருந்தவர்கள் சமாளித்துவிட்டார்கள். வெறும் இண்டக்‌ஷன் ஸ்டவ்வை நம்பி இருந்த பேச்சிலர் ரூம்களும், எலெக்ட்ரிக் கெட்டில் மட்டுமே வைத்திருந்த பி.ஜி-க்களும் என்ன செய்திருக்கும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் அதே கதை மறுபடியும் நடந்தது.

இந்த பயத்தில்தான் வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது பலரும் ஆன்லைனில் 'எமர்ஜென்சி ஸ்டவ்' என்று தேட ஆரம்பிக்கிறார்கள். உள்ளங்கை அளவு அடுப்பு, மடக்கிப் பையில் போடலாம், ரெண்டே நிமிஷத்துல தண்ணி கொதிக்கும் என்று வரிசையாக வீடியோக்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வீடியோக்கள் எல்லாம் அடுப்பைக் காட்டுகின்றன. நீங்கள் பார்க்க வேண்டியது அடுப்பை அல்ல. மூன்றாவது நாளும் அதற்கு எரிபொருள் இருக்குமா, அதை உங்கள் ரூமுக்குள் பத்த வைத்தால் நீங்கள் பத்திரமாக இருப்பீர்களா என்பதைத்தான்.

முதல்ல, உங்களுக்கு இது தேவையா?

வீட்டில் எல்.பி.ஜி அடுப்பு இருக்கிறதா? அப்படியென்றால் பாதிக் கவலை முடிந்தது. அதற்குக் கரன்ட் வேண்டாம், ஒரு தீப்பெட்டி போதும். மழைக்காலம் தொடங்கும்போது கையில் ஒரு நிறை சிலிண்டர் இருப்பதுபோல புக் செய்துகொள்வதுதான் உங்களுக்கான எமர்ஜென்சி பிளான்.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்கணும். சிலிண்டர் மிதக்கும். நம்பக் கஷ்டமாக இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டு சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ, காலி சிலிண்டரின் எடை ஏறத்தாழ 15, 16 கிலோ. மொத்தம் 30 கிலோ. ஆனால் அதன் உள்கொள்ளளவே 33 லிட்டருக்கு மேல். அதாவது அது இடம்பெயர்க்கும் தண்ணீரின் எடை, அதன் எடையைவிட அதிகம். நிறை சிலிண்டரே மிதக்கும் என்றால், காலி சிலிண்டரைக் கேட்கவே வேண்டாம். மிதந்து போகும்போது ட்யூபையும் ரெகுலேட்டரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் தண்ணீர் வாசலுக்கு வரும்போதே ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, சிலிண்டரை மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.

இண்டக்‌ஷன் மட்டும்தான் இருக்கு, இன்வெர்ட்டர் இருக்கே என்கிறீர்களா? இண்டக்‌ஷன் ஸ்டவ் முழு வேகத்தில் 1,500 முதல் 2,000 வாட்ஸ் வரை இழுக்கும். வீட்டில் பொதுவாக இருக்கும் 900 வி.ஏ இன்வெர்ட்டருக்கு அது ஆகாத காரியம். 600 வாட்ஸ் சின்ன கெட்டில் என்றால், ஃபேன், லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க வைக்கலாம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு டீக்கு ஓகே, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகாது.

ஆக, சின்ன ஸ்டவ் உண்மையிலேயே தேவைப்படுவது பி.ஜி, ஹாஸ்டல், இண்டக்‌ஷன் மட்டுமே உள்ள ஃபிளாட், கைக்குழந்தைக்கு வெந்நீர் வேண்டியிருக்கும் வீடு. இந்தப் பட்டியலில் நீங்கள் இருந்தால் மேலே படிங்க. டிரெக்கிங் போகிறவர்களுக்கான விஷயமும் பின்னாடி வருது.

எதுல என்ன ப்ளஸ், என்ன மைனஸ்?

வீட்டு எமர்ஜென்சிக்கு என் ஓட்டு கேசட் ஸ்டவ்வுக்குத்தான். ஹேர் ஸ்ப்ரே டப்பா மாதிரி நீளமான பியூட்டேன் கேனைப் படுக்க வைத்து, பக்கவாட்டில் மாட்டி எரிக்கும் தட்டையான அடுப்பு அது. ஜப்பானில் 1969-ல் விற்பனைக்கு வந்தது. அகலமாக, தாழ்வாக இருப்பதால் குக்கர் வைத்தாலும் கவிழாது. கேனைக் கழற்றி மாட்டுவது ஒரு பொடியன்கூடச் செய்யக்கூடிய வேலை.

ஜப்பான்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் ஒன்று இதில் இருக்கிறது. 1995 ஜனவரியில் கோபே நகரில் நிலநடுக்கம் வந்தபோது, ஒரு கம்பெனி கேன் இன்னொரு கம்பெனி அடுப்பில் பொருந்தவில்லை. கேன் இருந்தும் சமைக்க முடியாத நிலை. அதன்பிறகு 1998-ல் எல்லா கேன்களும் ஒரே அளவில் இருக்கும்படி அங்கே விதியை மாற்றினார்கள். நீங்கள் ஸ்டவ் வாங்கும்போதும் இதையே கேளுங்கள்: 'இந்த கேன் வேற கடையில் கிடைக்குமா, வேற பிராண்டு பொருந்துமா?' பதில் இல்லை என்றால், எவ்வளவு அழகான ஸ்டவ்வாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்து, டிரெக்கிங் பசங்க பையில் இருக்கும் திருகு ஸ்டவ். குண்டு கேனின் தலையில் திருகி மாட்டுவது. 100 கிராம் எடைகூட இருக்காது, கைக்குள் அடங்கிவிடும். ஆனால் கேன் கீழே, பர்னர் நடுவில், பாத்திரம் மேலே என்று கோபுரம் மாதிரி நிற்கும். ரெண்டு லிட்டர் குக்கரை அதன்மேல் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. காற்று அடித்தால் தீ சாய்ந்து பாதிச் சூடு வீணாகும். காற்றைத் தடுக்கிறேன் என்று அடுப்பைச் சுற்றித் தகரத்தை வளைத்து மூடவே கூடாது. உள்ளே சூடு சேர்ந்து கேனே கொதிக்கும்.

ஹெக்ஸமின் மாத்திரை ஸ்டவ், 1936-ல் ஜெர்மனியில் பிறந்தது. நம் ராணுவத்திலும் புழங்கிய சமாச்சாரம். மடக்கினால் சீட்டுக்கட்டு அளவு. ஒரு மாத்திரை பத்துப் பன்னிரண்டு நிமிடம் எரிந்து அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். சிந்தாது, கசியாது, வருஷக்கணக்கில் கெடாது. குறை என்னவென்றால், புகை நச்சு. மூடிய அறைக்குள் ஆகவே ஆகாது. பாத்திரத்தின் அடியில் பிசுபிசுவென்று கரி ஒட்டும். இன்னொன்று, வெள்ளை வெளேர் என்று பார்க்க அச்சு அசல் சூடம் மாதிரியே இருக்கும். பூஜை அலமாரிப் பக்கம் வைத்துவிடாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்திலும் வேண்டாம். விழுங்கினால் விஷம்.

ஸ்பிரிட் ஸ்டவ் எனக்குப் பிடிக்காது. சத்தம் இல்லை, ரிப்பேர் இல்லை என்று டிரெக்கர்கள் கொண்டாடுவார்கள், உண்மைதான். ஆனால் பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து பாட்டிலிலிருந்து ஊற்றும்போது தீ பாட்டிலுக்குள் ஏறும். பெரிய தீக்காயங்கள் அப்படித்தான் வருகின்றன. மெத்தனால் கலந்த ஸ்பிரிட்டை வீட்டில் வைப்பதே ஆபத்து. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அது என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். சானிடைசரை ஊற்றி எரிக்கலாமே என்று ரீல்ஸில் வரும் ஐடியாவும் இதே ரகம்தான்.

சுள்ளி ஸ்டவ்? மூன்று நாள் விடாமல் மழை பெய்யும் ஊரில் காய்ந்த சுள்ளிக்கு எங்கே போவீர்கள்? கிருஷ்ணாயில் பம்ப் ஸ்டவ் பாட்டி காலத்தில் கில்லி. ஆனால் இப்போது மண்ணெண்ணெய் கிடைப்பதே குதிரைக்கொம்பு. மெழுகுவத்தி நாலை அடுக்கிவைத்துச் சமைக்கும் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மெழுகுவத்தியின் வெப்பம் சுமார் 80 வாட்ஸ், அதிலும் பாதிதான் பாத்திரத்துக்குப் போகும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிப்பதற்குள் அடுத்த புயலே வந்துவிடும்.

எத்தனை கேன் வாங்கணும்?

இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் கணக்கு ரொம்ப ஈஸி. சென்னையில் குழாய்த் தண்ணீர் ஏறத்தாழ 28 டிகிரி. ஒரு லிட்டரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக 300 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிராம் பியூட்டேன் தருவது சுமார் 45 கிலோஜூல். ஆனால் பாதிக்கு மேல் காற்றில் போய்விடும். ஆக, லிட்டருக்குச் சுமார் 15 கிராம் கேஸ். 225 கிராம் கேன் ஒன்றில் 15 லிட்டர் கொதிக்கும். முழு வேகத்தில் எரித்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கேன் காலி.

இப்போது நாலு பேர் உள்ள வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீரைக் காய்ச்சிக் குடிக்க நினைத்தால் ஒரு நாளுக்கு 12 லிட்டர், 180 கிராம் கேஸ். ஏறக்குறைய ஒரு கேன் குடிநீருக்கே போய்விடும். சாப்பாட்டுக்கு? அதனால்தான் குடிநீரை அடுப்பிடம் விடக் கூடாது. மழை எச்சரிக்கை வந்ததுமே ரெண்டு கேன் தண்ணீர் வாங்கி வைத்துவிடுங்கள், கூடவே மெடிக்கல் ஷாப்பில் குளோரின் மாத்திரை. வேறு வழியில்லாமல் காய்ச்சித்தான் ஆகணும் என்றால், தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும். பத்து நிமிஷம் கொதிக்கணும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஒன்பது நிமிடக் கேஸில் இன்னொரு வேளை ரசம் வைத்துவிடலாம்.

குடிநீரைக் கழித்துவிட்டால், சாதம், பருப்பு, பால், டீ என எல்லாவற்றுக்கும் சேர்த்து நாளுக்கு 100 கிராம் சொச்சத்தில் ஓட்டலாம். மூன்று நாளுக்கு ரெண்டு கேன், எதற்கும் கூட ஒன்று. பத்து, பதினைந்து என்று வாங்கிக் குவிக்காதீர்கள். அவ்வளவு கேஸை ஒரு பி.ஜி ரூமில் வைப்பது வேறு மாதிரி எமர்ஜென்சி.

கேஸை இன்னும் மிச்சம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. அரிசியை ஊறவைத்து, அஞ்சு நிமிடம் நன்றாகக் கொதித்ததும் இறக்கி, மூடியை இறுக்கமாகப் போட்டு, ரெண்டு கம்பளியில் சுற்றி வைத்துவிடுங்கள். தெர்மல் குக்கர் செய்யும் வேலை இதுதான். அரைமணி, முக்கால் மணி நேரத்தில் சாதம் தயார். சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும், ராத்திரிக்கு என்று வைக்காதீர்கள்.

நெருப்பே வேண்டாத உணவையும் மறக்காதீங்க. அவல் பச்சைத் தண்ணீரில் ஊறும், வெல்லமும் தேங்காயும் போதும். பொட்டுக்கடலை மாவு, வறுத்து அரைத்த சத்துமாவு, வேர்க்கடலை எல்லாம் இருக்கு. நம்ம ஊர் சமையலறையே பாதி எமர்ஜென்சி கிட்தான்.

ரூமுக்குள்ள பத்த வைக்கலாமா?

இந்தப் பகுதியை மட்டுமாவது ரூம்மேட்டுக்கு ஃபார்வர்டு பண்ணிடுங்க.

வெளியே மழை, காற்று. ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு உள்ளே ஸ்டவ்வைப் பற்ற வைக்கத்தான் தோன்றும். காற்றோட்டம் இல்லாத அறையில் எந்த நெருப்பும் கார்பன் மோனாக்ஸைடை உண்டாக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், அப்புறம் தூக்கம். தூக்கம் வரும்போது ஆபத்து என்றே தோன்றாது, அதுதான் கொடுமை. சமைக்கும்போது எதிரெதிராக ரெண்டு ஜன்னலோ, ஒரு ஜன்னலும் கதவுமோ திறந்திருக்கட்டும். பால்கனி இருந்தால் அங்கே சமைப்பது இன்னும் நல்லது. தீ நீலமாக எரியணும், மஞ்சளாக மாறினால் அணைத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் ரெண்டு பேருக்குத் தலை வலித்தால் 'சைனஸா இருக்கும்' என்று சமாதானம் சொல்லாமல், அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வாருங்கள். குளிர் காய்வதற்காக ஸ்டவ்வை எரியவிட்டுத் தூங்குவது மட்டும் கூடவே கூடாது. கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவருவதும் அப்படித்தான்.

பியூட்டேன் காற்றைவிட ரெண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகப் படரும். பாய் விரித்துப் படுக்கும் ரூம்களில் இது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். சமைத்து முடித்ததும் கேனைக் கழற்றித் தனியாக வையுங்கள். சந்தேகமாக இருந்தால் மாட்டும் இடத்தில் சோப்பு நுரையைத் தடவுங்கள், குமிழி வந்தால் கசிவு.

கேசட் ஸ்டவ் வெடித்தது என்று கேள்விப்படும் விபத்துகளில் அடிக்கடி வரும் காரணம், பெரிய பாத்திரம். தோசைக்கல் மாதிரி அகலமானதை வைத்தால் அது கேன் இருக்கும் பகுதியின் மேலேயும் கூரைபோல நிற்கும். சூடு கீழே இறங்கி கேனைச் சுடவைக்கும். பாத்திரத்தின் விளிம்பு கேன் மூடியைத் தொடாத அளவுக்குச் சின்னதாக இருக்கணும். ரெண்டு ஸ்டவ்வைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பெரிய கல்லை வைப்பது இன்னும் மோசம்.

அப்புறம் அந்த 'ரீஃபில் ஹேக்'. ஒரு அடாப்டர் வாங்கி, வீட்டு சிலிண்டரிலிருந்து காலி கேனை நிரப்பிக் காட்டும் வீடியோக்கள் ஏகப்பட்டது இருக்கின்றன. வீட்டு எல்.பி.ஜி-யில் பியூட்டேனோடு புரொப்பேனும் இருக்கிறது. 40 டிகிரி வெயிலில் புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனைவிட மூன்று மடங்குக்கும் மேல். பியூட்டேனுக்காகச் செய்த மெல்லிய தகர டப்பா அதைத் தாங்கும் என்று எந்த நம்பிக்கையில் நிரப்புகிறார்களோ தெரியவில்லை. தெருவோரம் நிரப்பித் தரும் முத்திரை இல்லாத குட்டி சிலிண்டர்களும் அப்படித்தான். சிலிண்டர்தான் வேண்டும் என்றால், எண்ணெய் நிறுவனங்களே 5 கிலோ சிலிண்டர் விற்கின்றன. முகவரிச் சான்று இல்லாமலே வாங்கலாம். பி.ஜி-யில் நாலு பேர் சேர்ந்து வாங்கினால், நீண்ட நாளுக்கு அது கேசட் கேனைவிடச் சிக்கனம். ஓனரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

மலைக்குப் போறவங்களுக்கு...

சென்னை வெள்ளத்துக்கு நல்ல ஸ்டவ், ஊட்டிக்கு நல்ல ஸ்டவ் ஆகாது. பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியில்தான் ஆவியாகும். ஜனவரி அதிகாலை, உறைபனி விழும் ஊட்டியில் கேன் நிறைய இருந்தாலும் தீ முனகும். அங்கே ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்த திருகு கேன்தான் சரி.

ஆனால் அதற்கு முன்னால், நெருப்பு மூட்டலாமா என்று கேளுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாக மலை ஏறும் என்பதை அன்று பார்த்தோம். ஒருநாள் டிரெக்குக்கு ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துப் போவதில் எந்த கௌரவக் குறைச்சலும் இல்லை.

ஊருக்குக் கொண்டுபோவதிலும் சிக்கல் இருக்கிறது. கேஸ் கேனை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, செக்-இன் லக்கேஜிலும் முடியாது. ரயிலில் தீப்பற்றும் பொருளைக் கொண்டுபோனால் ரயில்வே சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் எரிந்த தீயை நினைத்துக்கொள்ளுங்கள். லக்னோவிலிருந்து வந்த பயணிகளில் ஒன்பது பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். கேனைப் போய்ச் சேரும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கியாச்சா? மொட்டை மாடிக்கு வாங்க!

பெட்டியைப் பிரிக்காமல் பரணில் போட்டுவிடாதீர்கள். மழை தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்கள். சமையலறைத் தராசில் கேனை எடை போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். மறுபடி எடை போடுங்கள். குறைந்தது 15 கிராம் என்றால் உங்கள் ஸ்டவ் பாஸ். 25 கிராமைத் தாண்டினால் காற்று திருடுகிறது, அல்லது பாத்திரத்துக்கு மூடி போடவில்லை. நீங்கள் தினமும் சமைக்கும் குக்கரையே வைத்துப் பாருங்கள், ஆடுகிறதா என்று. கையை நனைத்துக்கொண்டு குமிழைத் திருகிப் பாருங்கள். ஈரத்தில் பல ஸ்டவ்களின் ஆட்டோ லைட்டர் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் போடும், பத்தாது. அதனால் ஒரு லைட்டரும் ஒரு தீப்பெட்டியும் ஜிப் கவரில் போட்டு ஸ்டவ் பெட்டியிலேயே இருக்கட்டும்.

கேனை வெயில் படும் இடம், அடுப்பங்கரை, காரின் டிக்கி என எங்கேயும் வைக்காதீர்கள். 50 டிகிரியைத் தாண்டவே கூடாது, மே மாத வெயிலில் நிறுத்திய கார் அதைச் சுலபமாகத் தாண்டும். நம்ம ஊர்க் காற்றில் தகரம் துருப்பிடிக்கும் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். விளிம்பில் துரு இருந்தால், அதை இந்த வாரமே திறந்தவெளியில் டீ போட்டுத் தீர்த்துவிட்டுப் புதுசு வாங்குங்கள். தீர்ந்த கேனைக் குப்பை மூட்டைக்குள் போடாமல், தூய்மைப் பணியாளர் கையில் தனியாக, "அக்கா, இது கேஸ் டப்பா" என்று சொல்லிக் கொடுங்கள். குப்பை லாரிக்குள் அதுவும் சேர்ந்துதான் நசுங்கும்.